அண்ணாச்சியின் உடலை வாங்க ஆறு நாள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் பத்தொன்பது ஆண்டுகளாக இஸ்திரி வண்டி போட்டிருந்தார் அண்ணாச்சி. சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, பெட்டியில் சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். 108 ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார் செவிலியர்.

"எங்கள் தெருவில் துணி தேய்ப்பவர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அடுத்த ஆறு நாளும் போன இடமெல்லாம் இதே கேள்விதான்.

உடலைக் கையெழுத்துப் போட்டு வாங்க உறவினர் வேண்டும். யாரும் இல்லையென்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும். அவர்கள் உறவினரைத் தேட வேண்டும். அதுவரை உடல் பிணவறையில் இருக்கும். அன்று இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: எங்கோ ஒரு மகன் இருந்து, நான் அவசரப்பட்டு அடக்கம் செய்துவிட்டால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சிகிச்சையில் இருந்து இறந்ததால் காரணத்தை மருத்துவரே எழுதிக் கொடுத்தார், உடற்கூறாய்வு தேவைப்படவில்லை. தெருவிலேயே இறந்து கிடந்திருந்தால் வழக்குப் பதிந்து விசாரித்திருப்பார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று நாம் கேட்டுப் பழகிய அந்தப் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194 ஆகியிருக்கிறது.

அவருடைய ஆதார் அட்டையில் இருந்தது எங்கள் வீட்டு முகவரி. எடுக்கும்போது நான்தான் கொடுத்தேன். கைப்பேசியில் இருந்த எண்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்களுடையவை. தகப்பனார் பெயர் மட்டும் அட்டையில் தெளிவாக இருந்தது. ஊர் கேட்டால் "களக்காட்டுப் பக்கம்" என்பார், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை நாங்கள் கேட்டதில்லை.

ஏட்டையா என்னைப் பிணவறைக்கு அழைத்துப் போனார். அங்க அடையாளங்கள் எழுத வேண்டும். துணியை விலக்கியதும் முகத்தைப் பார்க்க முடியாமல் கையைப் பார்த்தேன். வலது உள்ளங்கையில், இஸ்திரிப் பெட்டியின் பிடி அழுந்திய இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு. மணிக்கட்டுக்கு மேலே பழைய சூட்டுத் தழும்பு, பிறை வடிவில். எத்தனை ஆயிரம் முறை அந்தக் கையிலிருந்து மடித்த சட்டையை வாங்கியிருப்பேன்! தழும்பை அன்றுதான் பார்த்தேன். ஏட்டையா இரண்டையும் எழுதிக்கொண்டார்.

களக்காட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. காத்திருக்க மனம் கேட்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு நானும் எதிர்வீட்டுத் தம்பியும் பஸ் ஏறினோம். சத்தியவாகீசுவரர் கோயில் வாசல், டீக்கடைகள், வாழைத்தார் ஏற்றும் இடம் என்று எல்லா இடத்திலும் காட்டினோம். கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்தோம். ஒரு பெரியவர் தகப்பனார் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடி யோசித்தார். "அந்தப் பெயரில் ஒரு குடும்பம் இருந்தது. பிழைப்புக்குப் பம்பாய் போனவர்கள் திரும்பவில்லை" என்றார். அதே குடும்பம்தானா என்று உறுதியாகச் சொல்ல அவராலும் முடியவில்லை.

ஆறாம் நாள், உறவினர் எவரும் கிடைக்கவில்லை என்றும், உடலை ஒப்படைப்பதில் ஆட்சேபணை இல்லை என்றும் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்தார்கள். நாளை யாராவது வந்தால் எல்லா விவரத்தையும் ஒப்படைப்பேன் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். உறவுமுறை என்ற இடத்தில் "அண்டை வீட்டார்" என்று எழுதியபோது கை கொஞ்சம் நடுங்கியது. உடலை நாங்கள் கேட்டிராவிட்டால்? யாரும் வாங்காத உடலை மருத்துவக் கல்லூரிக்குப் பாடத்துக்காகக் கொடுக்க 1951ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது; இல்லையென்றால் அரசு செலவில் அடக்கம். மனமுவந்து உடல்தானம் செய்பவர்களை நான் கும்பிடுவேன். ஆனால் அண்ணாச்சி அப்படிச் சொல்லிவைக்கவில்லையே.

சிந்துபூந்துறையில் எரித்துவிடலாம் என்றுதான் தெருவில் பேச்சு. ஏட்டையா தடுத்தார். "புதையுங்கள். பிறகு யாராவது வந்து சந்தேகம் கேட்டாலும் வழி இருக்கும்" என்றார். அடையாளம் தெரியாத உடல்களைப் பெரும்பாலும் புதைப்பதற்கும் இதுதான் காரணம். இடுகாட்டில் நாற்பது பேருக்கு மேல் நின்றோம். அத்தனை பேர் உடம்பிலும் அவர் தேய்த்த துணி.

மருத்துவமனையில் நேரும் இறப்பை அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நேர்ந்தால் 21 நாளுக்குள் நாம் பதிய வேண்டும். தாண்டினால் கட்டணமும் அலைச்சலும் கூடும். சான்றிதழில் பெயர், தகப்பனார் பெயர் இரண்டிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். உறவினர் என்றாவது வந்தால் அவர்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

அவருடைய வங்கிப் புத்தகத்தில் நியமனதாரர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பணத்தை எடுத்துக் காரியம் செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். முடியாது, கூடவும் கூடாது. அது வாரிசுடைய பணம். யாரும் தொடாமல் பத்து ஆண்டு கிடந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். வாரிசு வந்தால் அதன் பிறகும் கேட்டு வாங்கலாம். வங்கியில் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடக்கச் செலவைத் தெரு பங்கு போட்டுக்கொண்டது.

ஒன்று மட்டும் ஆறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் அவரோடு நின்றேன். எள்ளும் தண்ணீரும் விடும்போது தகப்பனார், பாட்டனார் என்று வரிசையாகப் பெயர் சொன்னார். கடைசியில் ஒரு பெண் பெயர். மனைவியா, மகளா, தாயா தெரியவில்லை. படித்துறையில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு இரைச்சல். பெயர் என் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

அவருடைய தகரப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, தெரு வீடுகளின் கணக்கு எழுதிய நோட்டு, நூல் சுற்றிய ஒற்றைக் கால் கொலுசு. களக்காட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் என் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.