மூன்றாவது கோப்பை வரை: டொராண்டோவில் ஒரு சாப்பாட்டுச் சுற்று

டொராண்டோவில் இருந்த நான்கு நாட்களில் சிஎன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டுக் கடைகளில்தான் போனது. நகரவாசிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சமையலைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தோம். பிரெஸ்டோ என்ற பயண அட்டையை முதல் முறை தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரம், ஒரே கட்டணத்தில் பஸ், டிராம், மெட்ரோ எதிலும் ஏறி இறங்கலாம். சாப்பிடப் போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

கென்சிங்டன் மார்க்கெட் 1920களில் யூதர்களின் சந்தை. அப்புறம் போர்த்துகீசியர், கரீபியர் என்று வரிசையாக வந்து சேர்ந்தார்கள். அங்கே நின்றபடியே ஜமைக்கன் பேட்டீ சாப்பிட்டோம். மஞ்சள் மேலோட்டைக் கடித்ததும் உள்ளே காரமான கொத்துக்கறி, நாக்கு சுடச்சுட. 1985இல் இதன் பெயருக்கே வழக்கு வந்தது. ‘பீஃப் பேட்டீ’ என்றால் சட்டப்படி இறைச்சி மட்டும்தான், மாவுக்குள் பொதிந்ததை அப்படி விற்கக் கூடாது என்றார்கள் கனடா மத்திய அரசு அதிகாரிகள். கடைக்காரர்கள் பணியவில்லை. கடைசியில் ‘ஜமைக்கன் பேட்டீ’ என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பிடிவாதத்துக்காகவே இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் மனதில் தங்கிவிட்டது டான்ஃபோர்த் சாலைதான். கிரேக்கக் கடைகளைத் தாண்டிக் கிழக்கே போனால் எத்தியோப்பிய உணவகங்கள் வரும். நாங்கள் நுழைந்தது ஒரு புதன்கிழமை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. “இன்று நீங்கள் என்ன சாப்பிடுவீர்களோ அதையே கொடுங்கள்” என்றோம். பரிமாறிய அம்மா முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே போனார்.

பெரிய வட்டத் தட்டு முழுக்க இஞ்ஜெரா விரித்திருந்தது. டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்துத் தோசை போலச் சுடுவது. மேலெல்லாம் சின்னச் சின்னக் கண்கள். அதன்மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், ‘ஷிரோ’ என்ற கடலைமாவுக் குழம்பு. தனித் தட்டு கிடையாது, கரண்டியும் கிடையாது. அந்த அம்மாவே ஒரு வாய் உருட்டி என் மனைவிக்கு ஊட்டிவிட்டார். அதற்கு ‘குர்ஷா’ என்று பெயராம். அன்பைக் காட்டுகிற வழக்கம். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பெல்லாம் ஊறிய அடி இஞ்ஜெராவைக் கடைசியாகப் பிய்த்துச் சாப்பிட்டோமே, அதுதான் ருசியின் உச்சம்.

சரி, கிளம்பலாம் என்று எழுந்தால் விடவில்லை. பச்சைக் காபிக் கொட்டையை வாணலியில் வறுத்து, புகையோடு எங்கள் முகத்தருகே கொண்டுவந்து காட்டினார். ‘ஜெபெனா’ என்ற மண் கூஜாவில் காய்ச்சி, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். முதல் சுற்று திடமாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் லேசாக இருந்தது. மூன்றாவதுக்கு ‘பரக்கா’, ஆசி என்று பொருள். அதைக் குடிக்காமல் எப்படி எழுவது?

இரண்டு மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. திரும்பும்போது புதுக் கட்டணத்துக்கு மறுபடி அட்டையைத் தட்டினோம்.