84 மீட்டர் சாக்கடையும் பத்து ரூபாய் வில்லையும்

பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டில், ஊராட்சிகள் பற்றிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குறித்த வினாவுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது, பதினோராவது அட்டவணையில் 29 துறைகள், எல்லாம் மனப்பாடம். எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாக்கடை கடைசி ஆறு வீடுகளுக்கு முன்னால் ஏன் நின்றுபோனது என்பது மட்டும் தெரியாது. அந்த ஆறில் முதல் வீடு எங்களுடையது. தெருத் தண்ணீர் மொத்தமும் வந்து முடிவது எங்கள் வாசலில்.

‘மீதிப் பணத்தைத் தின்றுவிட்டார்கள்’ என்பது தெருவின் தீர்ப்பு. எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஊராட்சிக்கு அனுப்பினேன். ‘பணி ஏன் பாதியில் நிறுத்தப்பட்டது? யார் பொறுப்பு?’ 28-ஆம் நாள் பதில் வந்தது: கேள்வி வடிவில் கேட்டிருப்பது ‘தகவல்’ என்ற வரையறைக்குள் வராது.

கொதித்துப்போய்ப் பேராசிரியையிடம் நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “பிரிவு 2(எஃப்) படித்தாயா? அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் கேட்க முடியும். உன் ‘ஏன்’ எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசி.”

யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. விடை மேஸ்திரி வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் இருந்தது. “எஸ்டிமேட் கேள், வேலை உத்தரவு கேள். முக்கியமாக எம் புக்கைக் கேளப்பா, அளந்து எழுதினால்தான் பில் பாஸாகும்.” அவர் சொன்ன எம் புக், அளவுப் புத்தகம், எங்கள் பாடநூலில் ஒரு வரிகூட இல்லை. இவற்றோடு கிராம சபைத் தீர்மானத்தையும், அந்தக் கூட்டத்தின் வருகைக் கையெழுத்துப் பக்கங்களையும் சேர்த்து இரண்டாம் மனு போட்டேன்.

30 நாள் சத்தமே இல்லை. பிரிவு 19(1)-இன்படி முதல் மேல்முறையீடு செய்தேன். அதன் பிறகு, 11 பக்கத்துக்கு 22 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்கிற 7(6)-ஐச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தை அனுப்பிய தபால் செலவு 22 ரூபாயைவிட அதிகம். அம்மா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நகல்கள் வந்தன. எஸ்டிமேட்டில் 84 மீட்டர். எம் புக்கிலும் 84 மீட்டர். நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம். 84-க்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. யாரும் எதையும் தின்னவில்லை. உண்மையில் எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

தீர்மானத்திலேயே ‘கோயில் முதல் மூன்றாவது மின்கம்பம் வரை’ என்றுதான் இருந்தது. எங்கள் வீடு அந்தக் கம்பத்துக்கு அப்பால். கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டினால், 61-ஆவதாக அப்பாவின் கையெழுத்து. அவர் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை.

“நோட்டை வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். நூறு நாள் வேலைக்கு என்று நினைத்துப் போட்டேன்” என்றார்.

501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். ஆள் சேராத நாளில் நோட்டு வீடு வீடாக நடக்கிறது. ஊழல் என்று நான் தேடியது சாக்கடையில் இல்லை, இந்த நோட்டில் இருந்தது. அதற்கு எங்கள் வீடும் உடந்தை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வீட்டுக்காரர்களில் நான்கு பேர் வந்தார்கள். ‘மூன்றாவது மின்கம்பம் முதல் தெரு முடிவு வரை’ என்று செயலர் தீர்மானத்தை எழுதிய பிறகு, உரக்க வாசிக்கச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார், வாசித்தார். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்த பிறகே பேனாவைக் கேட்டார்.

சாக்கடை இன்னும் வரவில்லை. எஸ்டிமேட் நகலுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். வில்லைதான் வாங்க வேண்டும்.