மண்டையோட்டின் மேல் ஒரு மெல்லிய உறை

தலைத்தோல் பெரிதாகக் கிழிந்த ஒருவரைக் கொண்டுவரும்போது உடன் வந்தவர்களின் கண்ணில் படுவது இரத்தம்தான். அங்குள்ள இரத்தக்குழாய்கள் இறுகிய நார்த்திசுவுக்குள் பிடிபட்டிருப்பதால், அறுபட்டாலும் சுருங்கி மூடிக்கொள்வதில்லை. இரத்தத்தைக் கட்டுப்படுத்தியபின் நான் தேடுவது பெரிகிரேனியத்தை. மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் அந்த மெல்லிய உறை மிஞ்சியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. தொடையிலிருந்து சீவி எடுத்த தோலை அதன்மேல் ஒட்டலாம், பிடித்துக்கொள்ளும். வெறும் எலும்பில் பிடிக்காது. காயத்தைக் கழுவும் இளம் மருத்துவர்களிடம் அதைச் சுரண்டிவிட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சலிப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை.

சுமார் 3 செ.மீ. அகலம் வரையான காயத்தைப் பெரும்பாலும் இழுத்துத் தைத்துவிடலாம். அதற்கு மேல் தலைத்தோல் இணங்காது. அடியிலுள்ள கேலியா என்ற உறுதியான படலம் விடாது. தோலைத் திருப்பிப்பிடித்து, இழுக்கும் திசைக்குக் குறுக்கே, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அந்தப் படலத்தை மட்டும் கீற வேண்டும். ஒரு கீறலுக்குக் கிடைப்பது இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் கத்தியின் கீழ் வெண்ணிற நார்கள் விலகுவதையும் விரல் பிடியில் தோல் இளகுவதையும் உணர முடியும். அங்கேயே நிறுத்த வேண்டும். இரத்தக்குழாய்கள் படலத்தை ஒட்டி மேலேயே ஓடுகின்றன. சற்று ஆழமாகப் போனால் தோலின் உயிரோட்டமே அறுந்துவிடும்.

பக்கத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியபடியே விட்டு, சுழற்றிக் காயத்தை மூடும் ஃபிளாப்பைப் புதியவர்கள் சிறிதாகவே வரைவார்கள். வெட்டும் வளைகோட்டின் நீளம் காயத்தின் அகலத்தைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு வேண்டும். தாராளமாக வரையுங்கள் என்பதுதான் என் அறிவுரை.

பெரிகிரேனிய உறையும் போய்விட்டால்? 1777இல் அமெரிக்க எல்லைப்புறத்தில், தலைத்தோல் உரிக்கப்பட்டவர்களின் மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியே சதை வளரவிட்ட குடியேற்றத் தலைவர் ஜேம்ஸ் ராபர்ட்சனை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. எலும்பின் வெளித்தகட்டை இரத்தம் துளிர்க்கும்வரை தேய்த்து, சதை முளைத்தபின் தோல் ஒட்டும் முறைக்கும் அடிப்படை அதுவே. காயம் மிகப் பெரிதென்றால் முதுகுத் தசையை இரத்தக்குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் காதருகே உள்ள குழாயுடன் இணைக்கிறோம். இயந்திரத்தில் கூந்தல் சிக்கி முழுத் தோலும் பிய்ந்துவந்தால், அதையே திரும்பப் பொருத்த முயல்வோம். 1976இலேயே அதில் வெற்றி கண்டிருக்கிறார்கள்.

காயம் ஆறியதும் நோயாளிகள் கேட்பது, “டாக்டர், இந்த இடத்தில் முடி வளருமா?” ஒட்டிய தோலில் வளராது. அதை மழுப்பாமல் சொல்லிவிடுவேன். பிறகு, முடியுள்ள பகுதியின் அடியில் சிலிக்கோன் பை வைத்து, வாரந்தோறும் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, வழுக்கையை மூடும் வழியை விளக்குவேன். தலைத்தோலில் பாதி வரை இழந்தவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் இடைப்பட்ட வாரங்களில் தலை புடைத்து விகாரமாகத் தெரியும். வெளியே போகவே கூசுவார்கள். அதனால் சம்மதக் கையெழுத்து வாங்குவதற்கு முன், அந்தப் புடைப்பின் படங்களைத்தான் முதலில் காட்டுகிறேன். குடும்பத்தாரையும் உட்காரவைத்தே காட்டுகிறேன்.