டிரையர் பக்கம் நீண்ட கை

"டேங்க்ல ஆயில் வரலன்னா கம்ப்ரசர் நல்லா இருக்குன்னு உனக்கு யாரு தம்பி சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே, கம்ப்ரசரை மாற்றச் சொன்ன மெக்கானிக் கையை என் லாரியின் அடிப்பக்கம் நீட்டினார். அந்தக் கை, பிரேக்குக்குப் போகும் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரைக் காட்டியது. அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான், "ஏங்ண்ணா, அதையும் சேர்த்து மாத்தணுமா?" என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள்.

மூன்று வருஷம் ஆகிறது. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் குன்னூரைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் அந்தக் கை கண்ணில் வந்து நிற்கிறது.

வண்டியில் கேரட் லோடு. கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை கட்டியது, மண்டி நேரத்துக்குள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர வேண்டும். லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் வேலை செய்யும், அந்தக் காற்றைத்தான் ஏர் என்போம். இன்ஜின் ஓடும்போது கம்ப்ரசர் அதை டேங்க்கில் ஏற்றும். அன்று காலையிலிருந்தே ஏர் மெதுவாக ஏறியது. வழக்கமாகச் சில நிமிஷங்களில் அழுத்தம் எட்டு கிலோவைத் தொட்டு, மிஞ்சிய காற்றை அன்லோடர் வால்வு புஸ்ஸென்று வெளியே விடும். அன்று கால் மணி நேரம் இன்ஜினை ஓட விட்டும் மீட்டர் முள் ஏழைத் தாண்டவில்லை. அதனால்தான் குன்னூரில் அந்தப் பட்டறையில் நிறுத்தினேன். அவர் அரை மணி நேரம் பார்த்தார். கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்றார்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய வண்டி பர்லியார் ஏற்றத்தில் ஒருநாள் இழுக்கவில்லை. கறுப்புப் புகை. கீழே ஒரு பட்டறையில், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மூன்றை மாற்றியதாகச் சொல்லி 27,000 வாங்கினார்கள். பழசைக் கேட்டால், குப்பையில் போட்டாச்சு என்றார்கள். ஒரு மாசம்கூட ஆகவில்லை, அதே ஏற்றம், அதே புகை. கோத்தகிரிப் பக்கம் தேயிலை லோடு அடிக்கும் பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து பார்த்தார். இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் கிழிந்திருந்தது. காற்று வெளியே போனால் டீசல் முழுசாக எரியாது, கறுப்பாகத்தான் புகையும். ஹோஸ் மாற்ற 400 ரூபாய் ஆனது. அந்த 27,000 என் மனைவியின் வளையலை வைத்து வாங்கிய பணம்.

அன்றிலிருந்து அந்தப் பெரியவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றேன். இழுவை இல்லையென்றால் முதலில் டீசல் ஃபில்டர், ஏர் கிளீனர், ஹோஸ். இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் கடைசியில். ஏர் விஷயத்தில் அவர் சொன்னதை இன்னும் அப்படியே செய்கிறேன். நிறைய ஏர் ஏற்றிவிட்டு இன்ஜினை அணைக்க வேண்டும். பிரேக்கை மிதிக்காமலே முள் இறங்கினால் டேங்க், லைன், வால்வு பக்கம் எங்கோ கசிவு. மிதித்துப் பிடித்தால் மட்டும் இறங்கினால் பெடலுக்குக் கீழே இருக்கும் ஃபுட் வால்வைத் தாண்டிய பக்கம், பெரும்பாலும் சக்கரத்துப் பிரேக்கைத் தள்ளும் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயாபிரம் கிழிந்திருக்கும். சந்தேகம் உள்ள ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். முள் எதிலும் அசையாமல், ஏறுவது மட்டும் மெதுவாக இருந்தால் கம்ப்ரசர் பக்கம் போக வேண்டும். அப்போது டேங்க்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயினைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டும் வந்தால் பயமில்லை. ஆயில் வந்தால் கம்ப்ரசர் பிஸ்டனின் ரிங் தேய்ந்திருக்கிறது.

அன்று காலையில் இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். கசிவு இல்லை. டேங்க்கில் சுத்தமான தண்ணீர். ஆகவே கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது, இவர் புளுகுகிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் பாடம் பழைய வண்டியோடு முடிந்துவிட்டது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர் ஓட்டியதிலும் என் முந்தைய வண்டியிலும் டிரையர் கிடையாது. கம்ப்ரசர் ஆயிலைத் தள்ளினால் அது நேராக டேங்க்குக்கு வரும். இப்போதைய வண்டியில் காற்று டிரையர் வழியாகத்தான் டேங்க்குக்குப் போகிறது. ஆயிலை டிரையர் பிடித்து வைத்துக்கொள்ளும். டேங்க் ரொம்ப நாளைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும்.

குன்னூர் மெக்கானிக் அதைத்தான் காட்டினார். டிரையர் என்றதும் இன்னொரு பில்தான் எனக்குக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்பிக்கை இல்லாட்டி எடுத்துட்டுப் போ தம்பி. இறக்கத்துல பாத்துப் போ" என்றார். அரை மணி நேரம் பார்த்ததற்குக் காசு கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

இறங்கினேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியர், புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், கால் பிரேக்கை முடிந்தவரை தொடுவதில்லை என்று ஒழுங்காகத்தான் ஓட்டினேன். ஆனாலும் எதிரே பஸ் வரும், நின்று வழி விட வேண்டும், மறுபடி நகர வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் ஏர் போகும். போனது சீக்கிரம் திரும்பவில்லை. பர்லியாருக்கு மேலே முள் ஐந்துக்கு வந்துவிட்டது.

கிளீனர் பையனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. என் முகத்தைப் பார்த்திருப்பான். "அண்ணா, ஏர் எவ்ளோ இருக்கு?" என்றான்.

"ஆறரை" என்றேன்.

அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லி, இருபது நிமிஷம் ஆக்ஸிலேட்டரைப் பிடித்து ஏர் ஏற்றினேன். இன்ஜின் சூடு, ஆறட்டும் என்று அவனிடம் சொன்னேன். பையன் பயந்தால் நான் தடுமாறுவேன், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏர் ரொம்ப இறங்கினாலும் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துவிடும் என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் அதுவும் சக்கரத்தின் அதே டிரம்மில், அதே லைனிங்கில்தான் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் டிரம் சூடேறிப் போயிருந்தால் எது பிடித்தாலும் அவ்வளவு பிடிக்காது. இது எனக்கு அன்றும் தெரியும்.

மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டுத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். கம்ப்ரசரிலிருந்து வரும் டெலிவரி பைப்பைக் கழற்றினார். உள்ளே கார்பன் படிந்து சுண்டுவிரல்கூட நுழையாது போலிருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் முள் மளமளவென்று எட்டுக்குப் போனது. 600 ரூபாய். 22,000 எங்கே, 600 எங்கே! பையன் தோளில் தட்டினேன்.

அப்புறம் அவர் டிரையரைத் திறந்தார். பாலில் கலந்த மாதிரி வெளுத்துப்போன ஆயில் கொழகொழவென்று வந்தது. "ரிங் தேய ஆரம்பிச்சிருக்குங்க. அந்த ஆயில்தான் பைப்ல கருகியிருக்கு. கொஞ்ச நாள் ஓடும், விட்டுராதீங்க" என்றார். ஐந்தாவது மாசம் கம்ப்ரசரைக் கழற்றி ரிங் போட வேண்டி வந்தது.

அப்படியானால் குன்னூர்க்காரர் சொன்னது சரிதானா? கம்ப்ரசரில்தான் கோளாறு என்றார், கம்ப்ரசரில்தான் இருந்தது. ஆனால் மாற்ற வேண்டும் என்றாரே தவிர ரிங் போடலாம் என்று சொல்லவில்லை. பைப்பைக் கழற்றியும் பார்க்கவில்லை. ஒருவேளை டிரையரைக் காட்டிவிட்டு அடுத்து பைப்பைப் பற்றித்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. இல்லை, இறக்கத்துக்கு முன்னால் அரைகுறை வேலை செய்து அனுப்ப மனசு வராமல் முழுசாக மாற்றச் சொன்னாரோ. அல்லது லோடு வண்டி, அவசரத்தில் இருக்கிறான், கேட்டதைக் கொடுப்பான் என்று கணக்குப் போட்டாரோ. ஏமாற்றும் பட்டறைக்கு நம்முடைய அவசரம்தான் பெரிய ஆயுதம், அதை அனுபவித்தவன் நான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இன்றும் பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குகிறேன். கழற்றும்போது பக்கத்தில் நிற்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்காமல் சாவி கொடுப்பதில்லை. இதில் ஒன்றையும் விடப் போவதில்லை. ஆனால் அன்று அவரிடம், "சரிங்ண்ணா, டிரையரைத் திறந்து காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேர வேலைதான். பொய்யாக இருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறது. ஒரு தடவை நிறுத்தி இறங்கினேன். அவர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டேன்.

பையன் இப்போது லைசென்ஸ் எடுத்து வேறு ஒருவரிடம் வண்டி ஓட்டுகிறான், அதே ரோட்டில். போன மாசம் பார்த்தபோது, டிரையரையும் சேர்த்துப் பார்க்கிறாயா என்று கேட்டேன். "தினமும் பாக்கறேங்ண்ணா. அன்னைக்கு ஆறரை இருக்கும்போதே நீங்க நிறுத்தி ஏத்தினீங்களே, நானும் ஆறரைக்குக் கீழ விடறதே இல்ல" என்றான்.

அன்று ஐந்துதான் இருந்தது என்று அவனிடம் நான் சொல்லவில்லை.