பேச்சு வர வேண்டிக்கொள்பவர்களுக்குச் சீகாழியும் திருக்கோலக்காவும்

குழந்தைக்குப் பேச்சு தள்ளிப்போனால் காவிரிக் கரைப் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது சீகாழிதான். மூன்று வயதில் பதிகம் பாடிய பிள்ளை ஞானசம்பந்தர் பிறந்து வளர்ந்த ஊராயிற்றே! காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் ஒரு பக்கம் தவறாமல் நடக்கட்டும்; நேர்த்தியும் நடக்கட்டும்.

சிதம்பரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். காலையிலேயே போய்விடுங்கள், உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தினால் மாலை வரை காத்திருக்க வேண்டும். வழியில் நாடி ஜோசியத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் விடமாட்டார்கள். பக்கத்து ஊரான வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அங்குள்ள முருகன் முத்துக்குமாரசுவாமியைப் பார்க்கப் போங்கள், நாடி ஓலைக்காகப் போகாதீர்கள்.

சீகாழிக் கோயிலுக்குள் நுழைந்ததும் சன்னதிக்கு ஓடாமல் முதலில் கோயில் குளமான பிரம தீர்த்தக் கரைக்குப் போங்கள். சம்பந்தரின் அப்பா சிவபாத இருதயர் பிள்ளையைக் கரையில் விட்டு நீரில் மூழ்கியது இங்கேதான். அப்பாவைக் காணாமல் தோணியப்பர் சன்னதிச் சிகரத்தைப் பார்த்து "அம்மே, அப்பா" என்று அழுத குழந்தைக்கு அம்பாள் பெரியநாயகி பொற்கிண்ணத்தில் பால் கொடுத்த இடம். கடைவாயில் பால் வழிய நின்ற பிள்ளையிடம் யார் கொடுத்த பால் என்று அப்பா கோலை ஓங்கிக் கேட்க, விரலை நீட்டிக் காட்டிப் பாடியதுதான் 'தோடுடைய செவியன்'. நட்டபாடைப் பண், 11 பாட்டு. கடைசிப் பாட்டில் தன் பெயரை ஞானசம்பந்தன் என்று தானே வைத்துப் பாடியிருக்கிறார். முதல் பாட்டோடு நிறுத்தாமல் பதினொன்றையும் குழந்தையின் காதில் விழும்படி நிதானமாகப் பாடுங்கள். படியில் பாசி வழுக்கும், பிள்ளையைக் கையில் பிடித்தபடியே உட்காருங்கள். நிவேதனப் பாலை அன்று காலை காய்ச்சி ஆறவைத்து எடுத்துவாருங்கள். வெயிலில் மூடியே வைத்தால் திரிந்துபோகும்.

பிரமபுரீஸ்வரர், திருநிலைநாயகி, ஞானசம்பந்தர் சன்னதிகளைச் சேவித்துவிட்டு, கோயிலுக்குள்ளேயே மலைபோல் அடுக்கிக் கட்டிய கட்டுமலை ஏறுங்கள். இடைத்தளத்தில் தோணியப்பர், பக்கத்திலேயே பெரியநாயகி. எவ்வளவு பெரிய திருமேனிகள்! ஊழி வெள்ளத்தில் தோணியில் வந்தவர்கள், ஒரு குழந்தையின் அழுகைக்குக் குளக்கரை வரை இறங்கி வந்தவர்கள். அந்தச் சன்னதியில் வேண்டிக்கொள்ள வந்தது மறந்துபோகும், அம்மா அம்மா என்றுதான் வாய் சொல்லும். பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கள், அவள் பார்க்கட்டும். தாயே, உன் ஒரு கிண்ணப் பாலில்தானே எங்களுக்குச் சம்பந்தர் பாடிய மூன்று திருமுறை கிடைத்தது! 2023இல் குடமுழுக்கு வேலைக்குத் தோண்டியபோது இதே கோயில் மண்ணுக்குள்ளிருந்து பஞ்சலோகத் திருமேனிகளோடு 400க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் வெளிவந்தன. அவள் காத்துக் கொடுத்தது அல்லாமல் வேறென்ன?

மேல்தளத்தில் சட்டைநாதர். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையில் பூ இருக்கக் கூடாது. படியேறிய பிறகு பூவை எங்கே வைப்பது என்று திண்டாடாமல் கீழேயே எடுத்துவிடுங்கள். வெள்ளி இரவு பூஜைக்குக் கூட்டம் நெரியும், கைக்குழந்தையோடு வேண்டாம்.

அம்பாள் பால் கொடுத்ததைக் கொண்டாடிச் சித்திரைத் திருவாதிரையில் நடக்கும் திருமுலைப்பால் உற்சவத்துக்கும் இதையேதான் சொல்லத் தோன்றுகிறது. பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் குளக்கரை நெரிசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி முண்டியடிப்பவர்களுக்குக் காலடியில் நிற்கும் குழந்தை தெரிவதில்லை. முதல் வேண்டுதலைச் சாதாரண நாளில் செலுத்துங்கள், பேச்சு வந்தபின் உற்சவத்துக்கு வாருங்கள்.

பலர் இத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நேர்த்தியில் பாதிதான் ஆயிற்று. பக்கத்திலேயே இருக்கிறது திருக்கோலக்கா. தாளமுடையார் கோயில் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். பாடும்போது தாளம் போட்டுச் சிவந்த சம்பந்தரின் பிஞ்சுக் கைகளுக்கு ஈசன் பொற்றாளம் கொடுக்க, அதற்கு ஓசை கொடுத்தவள் இங்கே அம்பாள். ஓசைகொடுத்த நாயகி என்றே பெயர். அவளுக்குத் தேன் அபிஷேகம் செய்து அந்தத் தேனைக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். சின்னக் கோயில், குருக்களிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் நல்லது. வாசலில் விற்பதை நம்பாமல் சுத்தமான தேன் கொண்டுபோங்கள், பாகு கலந்தது அபிஷேகத்துக்கு ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமி அந்த வயதில் ஆபத்து. நெற்றியில் குங்குமம் இட்டுக் கூட்டிவாருங்கள், அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.