ஓரம் சரிந்த ஆடியும் மூன்றாவது பிட்ச் தட்டும்

ஓரம் நேராகிவிட்டது! தொலைநோக்கிக்காக நானே தேய்த்துச் செய்யும் கண்ணாடி ஆடியின் ஓரம். நேற்று இரவு ஃபூக்கோ சோதனையில், அதாவது ஆடியிலிருந்து திரும்பிவரும் ஒளியைக் கத்தி விளிம்பால் மறைத்துப் பரப்பின் வடிவத்தைப் பார்க்கும் சோதனையில், கத்தியை நகர்த்தியபோது விளிம்பின் இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரி ஒளிக்கோடு தெரிந்தது. போன வாரம் வரை ஒரு பக்கம்தான் தெரியும், மறுபக்கம் மங்கிக் கரைந்துபோயிருக்கும். அந்தக் கோட்டுக்காக ஐந்து வாரம் போராடியிருக்கிறேன். பார்த்ததும் விளக்கைக்கூட அணைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

6 அங்குல ஆடி, எஃப்/8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல எட்டு மடங்கு. எண்பதாம் எண் கார்போரண்டம் என்ற அரைப்புத் தூளிலிருந்து ஐந்நூறு வரை அரைத்த கதை வேண்டாம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. வம்பு எல்லாம் பிட்ச் தட்டில், அதாவது கீல் போன்ற பிசின் ஊற்றிய தட்டில், தேய்த்து மெருகேற்றும்போதுதான் வந்தது.

எனக்குக் கொஞ்ச காலமாக முழுமூச்சாக வாழவேண்டும் என்று ஒரு வெறி. ஓட்டப் பயிற்சி, கிதார், புதிதாக ஒரு மொழி என எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாள் நிரம்பி வழிந்தது. ஆனால் இரவு படுத்துக்கொண்டு இன்றைக்கு என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்று யோசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஆடி செய்ய உட்கார்ந்ததும் அதே வெறியில்தான். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் ஒருமுறை 7 அடித் தொலைநோக்கியின் ஆடியிலிருந்து 16 மணி நேரம் தொடர்ந்து கையை எடுக்கவில்லை, தங்கை கரோலின்தான் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார் என்று படித்திருந்தேன். வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஒரே அமர்வில் மூன்று மணி நேரம், உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து, நீண்ட இழுப்பாக இழுத்தேன். மெருகுத் தூளான சீரியம் ஆக்சைடு காயக் காய ஊற்றினேன். ஆடி பளபளவென்று வந்தது. சோதித்துப் பார்த்தால் ஓரம் சுற்றிலும் சரிந்திருந்தது.

முதல் சந்தேகம் பிட்ச் மேல். கடினமானது என்று எழுதி வந்தது, கட்டைவிரல் நகத்தை வைத்ததுமே வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. மென்மையான பிட்ச்சில் ஆடியின் ஓரம் அமிழ்ந்து அமிழ்ந்து எழும், அந்த இடம் அதிகமாகத் தேயும். எனக்கு விற்றவர் கடினத்தை ஒரு எண்ணாகப் போட்டு அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இரண்டாவது தட்டை வேறு பிட்ச்சில் ஊற்றினேன். அதில் பிட்ச்சைச் சதுரங்களாகப் பிரிக்கும் வாய்க்கால்களைச் சரியாக நடுமையத்தில் வெட்டித் தொலைத்ததால் ஆடியின் நடுவே வளையம் வளையமாக விழுந்தது. மூன்றாவதில் சதுரங்களை மையத்திலிருந்து தள்ளி வெட்டினேன், வெந்நீரில் காட்டி நன்றாக அழுத்திப் பொருத்தினேன். அப்புறமும் சரிவு போகவில்லை.

அந்த எரிச்சலில் ஒரு நாள் சோதனை மேடையில் இருந்த ஆடியின் மேல் கட்டைவிரலை வைத்தேன். இருபது வினாடி இருக்கும். எடுத்துவிட்டுக் கத்தி விளிம்பின் பின்னாலிருந்து பார்த்தேன். வழவழவென்று சாம்பல் நிறத்தில் இருந்த பரப்பின் நடுவே ஒரு மேடு, விரல் பட்ட இடத்தில் அதே வடிவில்! ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், மாலை வெயிலில் மணல்மேடு நிற்பதுபோல. உடம்புச் சூட்டுக்கே கண்ணாடி பொங்கியிருக்கிறது. மேடு மெல்ல மெல்ல அடங்குவதை மூச்சுக்கூடச் சரியாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நடந்த வேறு எதுவும் இப்போது ஞாபகமில்லை, அந்த மேடு மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

தேய்க்கும்போது ஆடிக்கு முதலில் வருவது கோள வடிவம், தொலைநோக்கிக்கு வேண்டியது பரவளையம். இந்த ஆடியில் கோளத்தையும் பரவளையத்தையும் நடுவில் பொருத்திவைத்தால், ஓரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.3 மைக்ரான். பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி. இவ்வளவு நுட்பமான பொருளின் மேல் நான் மூன்று மணி நேரம் சூட்டையும் பாரத்தையும் ஏற்றியிருக்கிறேன்! வேகமாகத் தேய்க்கத் தேய்க்கப் பிட்ச் சூடாகி இளகும், கை ஓரத்தை அமுக்கும். அமர்வு முடிந்ததுமே சோதித்தால் சூடான கண்ணாடியின் பொய் வடிவத்தைத்தான் பார்ப்போம்.

முறையை மாற்றினேன். இருபது நிமிடம் மட்டும். இழுப்பு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை. உள்ளங்கை நடுப்பகுதியில், விரல்கள் ஓரத்தில் படாமல். எட்டு இழுப்புக்கு ஒருமுறை ஆடியைத் திருப்பி, நானும் ஒரு காலடி நகர்ந்து நின்றேன். எண்ணிக்கை தவறினால் அன்றைக்கு நிறுத்திவிடுவேன். இதுதான் கடினமாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மனம் எங்கோ போய்விடும், போன உடனே கை ஓரத்தில் அழுந்தும். பிட்ச் பிடிக்கும் பிடியிலேயே அது தெரியும். சீராக இழுபடுவது ஒரு கணம் வழுக்கும், அப்புறம் கவ்வும். அந்த மாற்றத்தைக் கை உணரத் தொடங்கிய பிறகு இருபது நிமிடம் மிக நீளமாக ஆனது, ஒவ்வொரு இழுப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. முடிந்து எழும்போது உடம்பு அசந்திருக்காது, ஆனால் வேறு எதையும் செய்ய இடமில்லாமல் மனம் நிறைந்திருக்கும். கண்ணும் கருத்துமாக என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், கையும் அதில் சேரும் என்று இதற்கு முன் தெரியாது. ஹெர்ஷலின் 16 மணி நேரத்தையும் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவ்வளவு நேரம் உழைத்தது பெரிதுதான், அவ்வளவு நேரம் கவனம் கலையாமல் இருந்தாரே, அதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

கிதாரை எடுத்து வைத்துவிட்டேன். ஓட்டம் தொடர்கிறது, ஆனால் காதில் பாட்டு மாட்டிக்கொள்ளாமல்.

அடுத்தது 8 அங்குலம், எஃப்/6. இந்தமுறை போரோசிலிகேட் கண்ணாடி வாங்கப் பார்க்கிறேன், சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் அதைப்போல மூன்று மடங்கு விரியும். எளிய தொலைநோக்கிகளால் பெயர்பெற்ற ஜான் டாப்சன் பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடிகளில் ஆடி செய்தவர், அதனால் கண்ணாடியைக் குறை சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் சோதிக்குமுன் ஆடி ஆறக் காத்திருக்கும் நேரம் குறையுமே. ஆடியின் வடிவத்தைச் சோதிக்க ரோங்கி தகடும் (நுண்ணிய கோடுகள் வரிசையாக உள்ள தகடு) ஒன்று வேண்டும், எத்தனை கோடுகள் உள்ளது நல்லது என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் இதைப் பரவளையமாக்க வேண்டும். இன்று காலை அதற்காக முதன்முறையாக ஆறு நிமிடம் தேய்த்தேன், வெறும் ஆறு. ஆடி மேடையில் ஆறிக்கொண்டிருக்கிறது. நான் அறைக்கு வெளியே நிற்கிறேன், என் உடம்புச் சூடு அதன்மேல் படாமல்.