ஊதச் சொல்வதற்கு முன்னால்

பராகானா (படைவீரர்கள் எல்லோரும் கூடி உண்ணும் விருந்து) நடந்த இரவுக்கு மறுநாள் காலையில்தான், குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுச் சோதனைக்குப் படைப்பிரிவில் உண்மையான வேலை இருக்கிறது. தள்ளாடுகிறவரைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கார்டு கமாண்டரே பார்த்துச் சொல்லிவிடுவார். தூங்கி எழுந்து, பல் துலக்கி, சீருடை மடிப்புக் கலையாமல் ஃபாலின் அணிவகுப்பில் நிற்கும் ஓட்டுநரின் ரத்தத்தில் மிச்சம் இருப்பதுதான் யார் கண்ணுக்கும் படாது. பல சமயம் அவருக்கே தெரியாது.

கணக்குப் போட்டால் விளங்கும். கேன்டீன் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 60 மில்லி பெக் ஒன்றில் சுமார் 20 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 43 மில்லிகிராம் ஏற்றும். உடல் அதை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் இறக்கும். இரவு எட்டரைக்குத் தொடங்கி நான்கு பெக் குடித்தவர், காலை ஆறு மணிக்கு 28 வாக்கில் இருப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 30. மணிக்கு 10 மட்டுமே இறங்கும் உடல்வாகு சிலருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் அதே நேரத்தில் 75-இல் நிற்பார். கறுப்புக் காப்பியோ குளியலோ பி.டி. ஓட்டமோ இதை விரைவுபடுத்தாது. பராகானா அன்று மாலையே, அடுத்த நாள் வண்டிப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவது, காலையில் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ராணுவச் சட்டம் 1950-இன் 48-ஆவது பிரிவு போதையில் இருப்பதைக் குற்றமாக்குகிறது. பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான். அதிகாரி அல்லாதவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, பணியில் இல்லாதபோது என்றால் ஆறு மாதத்துக்கு மிகாமல். ஆனால் அந்தப் பிரிவில் எண் எதுவும் கிடையாது. பிரிட்டன் 2013-இல் தன் படைகளின் ஆபத்தான பணிகளுக்கு எண் வகுத்தது: 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம், விமானப் பணி போல நொடியில் சுதாரிக்க வேண்டிய வேலைகளுக்கு 9. அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை கையடக்கக் கருவிகளைப் பிரிவுகளுக்குக் கொடுத்தபோது, அந்த அளவை வைத்துத் தண்டிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. எனக்குச் சரியாகப் படுவது அந்த அணுகுமுறைதான். காலையில் வரும் எண் இன்று இவர் கையில் சாவியும் ரைஃபிளும் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். குற்றச்சாட்டு வேண்டுமென்றால் அதற்கு மருத்துவப் பரிசோதனையும் ரத்த மாதிரியும் தனியாக வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டால் மாதிரியே கெட்டது. சோடியம் ஃப்ளூரைடு கலந்த குழாயில் எடுத்து, முத்திரை வைத்து, குளிரில் வைக்க வேண்டும்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில். மவுத்வாஷ், இருமல் சிரப், ஹோமியோபதிச் சொட்டு மருந்து எதுவாயினும் வாயில் தங்கும் ஆல்கஹால் பத்துப் பதினைந்து நிமிடம் பொய் அளவு காட்டும். அதனால் ஊதுவதற்கு முன் 15 நிமிடம் எதுவும் வாயில் போடாமல், புகைக்காமல், கண்காணிப்பில் நிற்க வேண்டும். சோதிக்கிறவர் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டு அந்த ஈரத்தோடு கருவியைப் பிடிப்பது இன்னொரு தவறு. ஒவ்வொருவருக்கும் புது ஊதுகுழாய் மாட்டி, முதலில் வெற்றுக் காற்றில் சுழியம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அந்த அறையில் சோதனையே கூடாது. நான்கைந்து நொடி விடாமல் ஊதினால்தான் நுரையீரலின் அடிக்காற்று வரும். விட்டுவிட்டு ஊதுகிறவர் அளவைக் குறைக்கப் பார்க்கிறார். அளவு ஏறியிருந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். வாயில் தங்கியது என்றால் முழுதும் போய்விடும். ரத்தத்தில் இருப்பது என்றால் நான்கு மில்லிகிராம் போலத்தான் இறங்கியிருக்கும். பதிவேட்டில் நேரம், கருவி எண், அளவுதிருத்திய தேதி, இரண்டு அளவுகள் ஆகியவற்றோடு அலகையும் எழுத வேண்டும். சில கருவிகள் ஒரு லிட்டர் மூச்சுக்கு மில்லிகிராம் காட்டும். அதில் 0.10 என்பது ரத்தக் கணக்கில் சுமார் 21. அலகு எழுதாத பதிவேடு எந்த விசாரணையிலும் நிற்காது.

லடாக்கின் லே போன்ற உயரமான இடங்களில் இன்னொரு சிக்கல். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். தெரிந்த அளவு ஆல்கஹால் கலந்த சிலிண்டர் வாயுவை வைத்துக் கருவியை அளவுதிருத்தும்போது, லேபிளில் உள்ள கடல்மட்ட எண்ணையே கருவிக்குக் கொடுத்தால், அதன்பின் அது ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மடங்கு காட்டும். 20-இல் இருப்பவர் 30 ஆகிவிடுவார். உயரத்துக்கான திருத்தத்தைப் போட்ட பிறகே அளவுதிருத்த வேண்டும். மலிவான செமிகண்டக்டர் கருவிகளை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். அவை கட்டுப்பாடு இல்லாத நீரிழிவுக்காரர் மூச்சில் வரும் அசிட்டோனையும் சாராயமாக எண்ணிக்கொள்ளும். ஃப்யூவல் செல் கருவிக்கு அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் குளிரில் அது மந்தமாகும், கோட்டின் உள்பையில் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

யாரைச் சோதிப்பது? சந்தேகப்பட்டவரை மட்டும் கூப்பிட்டால் அது பழிவாங்கலாக மாறும். அன்றைய பணிப் பட்டியலில் வண்டி, ஆயுதம், வெடிமருந்து தொடும் எல்லோரும் ஊத வேண்டும், முதல் ஆளாகச் சோதனைக்கு உத்தரவிட்ட அதிகாரியே. அளவு ஏறியவரிடமிருந்து சாவியை வாங்கி, ஆயுதத்தைக் கோத்தில் (ஆயுத அறையில்) வைத்துவிட்டு, அவரை எம்.ஐ. ரூமுக்கு (படைப்பிரிவின் மருத்துவ அறைக்கு) அனுப்பும்போது கூடவே ஓர் ஆள் போக வேண்டும். தடுமாற்றம் இருந்தால் முதலில் விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள், தலையில் அடி உண்டா என்று தேடுங்கள். குடித்திருக்கிறார் என்று படுக்கவைத்த ஆளின் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, நாளை முதல் சுழியம் என்று திடீரென உத்தரவு போடுவது. அளவாகக் குடிப்பவர் அன்று இரவு குடிக்காமல் இருந்துவிடுவார். குடிக்கு அடிமையானவரும் பயந்து நிறுத்துவார், மறுநாள் கருவியும் சுழியம் காட்டும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், ஃபயரிங் ரேஞ்சிலும் வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததைக் கண்டு பேசும் பிதற்றல் நிலை, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே பறிக்கும். உயரமான முகாமில் இதை உயரத்தால் வரும் மூளை வீக்கம் என்று எண்ணிக் கீழே இறக்குவதும், மூளை வீக்கத்தைக் குடிநடுக்கம் என்று விட்டுவிடுவதும் இரண்டுமே நடக்கக்கூடியவை. சந்தேகம் தீராத வரை கீழே இறக்குவதே சரி. குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம்.

அதனால் சோதனை தொடங்கும் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அறிவித்து, குடிப்பழக்கத்தை எடைபோடும், உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) கேள்வித்தாளை எல்லோருக்கும் கொடுங்கள். மொத்தம் பத்துக் கேள்விகள், 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பேச வேண்டும், 20-ஐத் தொட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். விடைத்தாள் படைப்பிரிவு மருத்துவரான ஆர்.எம்.ஓ.வின் அலமாரியில் பூட்டி இருக்கட்டும், கம்பெனி அலுவலகத்துக்குப் போக வேண்டாம். போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து யாரும் அதில் உண்மை எழுத மாட்டார்கள்.